பாஸ்போ ஆன்டிபாடி வாங்கி வெஸ்டர்ன் பிளாட் ஓட்டப் போகிறீர்களா? இன்டென்ட் போடும் முன் இதைப் படியுங்கள்

பிஎச்டி சேர்ந்து செல் சிக்னலிங் பக்கம் வந்தவர்களுக்கு முதல் வருடத்திலேயே வந்து சேரும் வேலை இது. "அந்த காம்பவுண்ட் கொடுத்த பிறகு எர்க் ஆக்டிவேட் ஆகுதா பாரு" என்று கைடு சொல்லிவிட்டுப் போய்விடுவார். எர்க் என்பது செல்லுக்குள் சிக்னல் கடத்தும் ஒரு புரதம், அது ஆக்டிவேட் ஆகும்போது அதன் மேல் பாஸ்பேட் ஒட்டும். அந்தப் பாஸ்பேட் ஒட்டிய வடிவத்தை மட்டும் பிடிப்பது பாஸ்போ ஆன்டிபாடி. புரதங்களை ஜெல்லில் அளவு வாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டையாக (பேண்டாக) காட்டுவது வெஸ்டர்ன் பிளாட். கைடு சொன்னது ஒரு வரிதான். ஆனால் அதற்குப் பின்னால் ஆன்டிபாடி தேர்வு, கொட்டேஷன், பர்ச்சேஸ் கமிட்டி, சுங்கம், ஃப்ரீசர், லைசிஸ் பஃபர் (செல்லை உடைக்கும் கரைசல்) என்று மாதக்கணக்கில் வேலை கிடக்கிறது. நான் சீனியர்களிடம் துண்டு துண்டாகக் கேட்டுத்தான் இதைக் கடந்து வந்தேன், ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போ பேண்ட் வராமல் போனால் எல்லோரும் ஆன்டிபாடியைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலான நேரம் பாஸ்பேட் போனது லைசேட்டில் (செல்லை உடைத்து எடுத்த சாம்பிளில்), செல் தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்த பிறகு வரும் சில நிமிடங்களில். அதனால் ஆன்டிபாடிக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியையாவது சாம்பிளுக்கு ஒதுக்குங்கள்.

1. எந்தப் புரதம் என்பது போதாது, எந்த இடம் என்று முடிவு செய்யுங்கள்

"பாஸ்போ ஏகேடி வேண்டும்" என்று இன்டென்ட் (வாங்கக் கேட்கும் விண்ணப்பம்) எழுதக் கூடாது. ஏகேடி என்ற சிக்னல் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டும் முக்கிய அமினோ அமில இடங்களில் செரின் 473 ஒன்று, த்ரியோனின் 308 ஒன்று (எண், புரத வரிசையில் எத்தனையாவது என்பது). இரண்டையும் பாஸ்பரிலேட் செய்யும் (பாஸ்பேட் ஒட்டும்) என்சைம்களான கைனேஸ்கள் வேறு வேறு: 308-ஐ பிடிகே1, 473-ஐ எம்டார் காம்ப்ளெக்ஸ் 2. உங்கள் கேள்வி எதைப் பற்றியது என்று தெரியாமல் வாங்கினால் பணம் போய்விடும். ஸ்டாட்3-க்கு டைரோசின் 705, பி38-க்கு த்ரியோனின் 180 மற்றும் டைரோசின் 182 என்று ஒவ்வொன்றுக்கும் வழக்கமான இடங்கள் உண்டு, உங்கள் துறையின் சமீபத்திய பேப்பர்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் புதியவர்களைத் தடுமாற வைப்பது எண் வைக்கும் முறை. மனித எர்க்1-ல் த்ரியோனின் 202, டைரோசின் 204 என்று சொல்லும் அதே இடம் மனித எர்க்2-ல் 185, 187. எலியில் அதே எர்க்2-க்கு 183, 185. ஒரு நிறுவனம் 202/204 என்று போடும், இன்னொன்று 185/187 என்று போடும், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். இதைப் போலவே மனித பி65 புரதத்தின் செரின் 536, எலியில் 534. எண் வேறாக இருக்கிறதே என்று பயந்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். டேட்டா ஷீட்டில் கொடுத்திருக்கும் வரிசையை யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் உள்ள உங்கள் உயிரினத்தின் வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

2. டேட்டா ஷீட்டில் எதைப் பார்ப்பது

பாஸ்போ ஆன்டிபாடி என்றால், ஸ்டிமுலேட் செய்த செல், செய்யாத செல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிய படம் இருக்க வேண்டும். பாஸ்பேட்டை நீக்கும் பாஸ்படேஸ் என்சைம் போட்டபோது பேண்ட் மறைந்த படமும் இருந்தால் நல்லது. ஒரே ஒரு லேனில் கொழுத்த பேண்டைக் காட்டி "அருமையாக வேலை செய்யும்" என்று சொல்லும் ஷீட்டை ஒதுக்கிவிடுங்கள். பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புரதத்தைப் பிடிக்கும் டோட்டல் புரத ஆன்டிபாடிக்கு, நாக்அவுட் செல்லில் (அந்தப் புரதத்தின் ஜீன் நீக்கப்பட்ட செல்லில்) பேண்ட் மறையும் படம்தான் மிக வலுவான சான்று.

உயிரினப் பட்டியலில் "டெஸ்ட் செய்யப்பட்டது" என்பதும் "வேலை செய்யலாம் என்று எதிர்பார்க்கப்படுகிறது" என்பதும் வேறு வேறு. வரிசை ஒன்றாக இருப்பதை வைத்துக் கணித்ததுதான் இரண்டாவது. நீங்கள் ஸீப்ராஃபிஷ், ஆடு, கோழி என்று வேலை செய்பவராக இருந்தால் இந்த வித்தியாசம் உயிர்நாடி. பயன்பாடும் அப்படித்தான். வெஸ்டர்னுக்கு நன்றாக வேலை செய்வது திசு ஸ்லைடிலோ ஃப்ளோவிலோ வேலை செய்யும் என்ற உத்தரவாதம் இல்லை.

பாலிகுளோனல் (விலங்கின் சீரத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளின் கலவை), மோனோகுளோனல் (ஒரே குளோனிலிருந்து வருவது), ரீகாம்பினன்ட் (ஆன்டிபாடியின் ஜீன் வரிசையை வைத்துத் தயாரிப்பது) என்று மூன்று வகை கண்ணில் படும். வாங்க முடிந்தால் ரீகாம்பினன்ட் மோனோகுளோனலை வாங்குங்கள். மூன்று வருடம் கழித்து அதே கேட்டலாக் எண்ணை வாங்கும்போது அதே பொருள்தான் வரும். பாலிகுளோனலில் முயல் மாறும், லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும், உங்கள் பேண்டும் மாறும். 2023-ல் ஒய்காரோஸ் குழு 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களை வைத்துச் சோதித்து வெளியிட்ட ஆய்விலும் சராசரியாக ரீகாம்பினன்ட் வகைதான் முந்தியது. அவர்களுடைய அறிக்கைகளை இலவசமாகப் பார்க்கலாம், உங்கள் புரதம் இருக்கிறதா என்று தேடுங்கள். எந்த ஆன்டிபாடி எத்தனை பேப்பரில் வந்திருக்கிறது என்று பார்க்க சைட்ஏபி என்ற தேடல் தளம் உதவும். ஆனால் நிறைய பேர் பயன்படுத்தியது என்பதாலேயே சரியானது என்று ஆகிவிடாது.

எர்க்கில் ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால், செல் சிக்னலிங் டெக்னாலஜி நிறுவனத்தின் 4370 என்ற முயல் மோனோகுளோனல். ஆயிரக்கணக்கான பேப்பர்களில் இருக்கிறது, அதனால் உங்கள் செல் லைனில் யாராவது ஏற்கெனவே ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஆய்வகம் ஏற்கெனவே வேறொன்றில் பழகியிருந்தால் அதையே தொடருங்கள்.

3. பணக் கணக்கு

இந்தியாவில் பெயர் பெற்ற நிறுவனங்களின் 100 மைக்ரோலிட்டர் வயல் (சிறு குப்பி) ஏறத்தாழ 35,000 முதல் 60,000 ரூபாய் வரை கொட்டேஷனில் வரும். பாஸ்போ ஒன்று வாங்கினால் போதாது. டோட்டல் புரதத்துக்கு ஒன்று, லோடிங் கன்ட்ரோலுக்கு (எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் ஏற்றியதைக் காட்ட) ஒன்று, இந்தப் பிரைமரி ஆன்டிபாடிகளைப் பிடிக்கும் எச்ஆர்பி என்சைம் ஒட்டிய செகண்டரி, அந்த என்சைமால் ஒளிரும் ஈசிஎல் கரைசல், பிவிடிஎஃப் மெம்பிரேன். ஒரு சிக்னல் பாதையை ஒழுங்காகப் பார்க்க, எதுவுமே இல்லாத ஆய்வகத்தில், ஒன்றரை லட்சத்தைத் தொடும். கைடிடம் முதலிலேயே இந்த முழுத் தொகையைச் சொல்லிவிடுங்கள், பாதி வாங்கிவிட்டு மீதிக்கு அடுத்த தவணை மானியத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பது பெரிய கொடுமை.

குறைக்க வழிகள் உண்டு. 20 மைக்ரோலிட்டர் சோதனை அளவு பல நிறுவனங்களில் கிடைக்கிறது. ஒன்றுக்கு ஆயிரம் டைல்யூஷனில் 5 மில்லி போட்டால் ஒரு பிளாட்டுக்கு 5 மைக்ரோலிட்டர், ஆக நாலு பிளாட். மெம்பிரேனைப் புரதத்தின் அளவுக்குப் பட்டையாக வெட்டி சின்ன டப்பாவில் 3 மில்லியில் ஆட்டினால் ஆறு. உங்கள் செல்லில் வேலை செய்கிறதா என்று பார்க்க அது தாராளம். டைல்யூட் செய்ததை 0.02 சதவீதம் சோடியம் அசைடு சேர்த்து 4 டிகிரியில் வைத்துச் சில தடவை மறுபடி பயன்படுத்தலாம். இது பிரைமரிக்கு மட்டும். எச்ஆர்பி ஒட்டிய செகண்டரியில் அசைடு பட்டால் என்சைம் செத்துவிடும், பேண்டே வராது. பிரைமரி போட்ட பிறகு நன்றாகக் கழுவச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பக்கத்து ஆய்வகத்தில் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். 2 மைக்ரோலிட்டர் கொடுக்க யாரும் மறுப்பதில்லை.

4. காகித வேலை

இதைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பொதுவாகத் தேவைப்படுபவை: இன்டென்ட், எந்த புராஜெக்ட்டின் எந்தத் தலைப்பில் செலவு என்ற குறிப்பு, கன்ஸ்யூமபிள்ஸ் தலைப்பில் மீதி இருக்கிறது என்று கணக்குப் பிரிவின் கையெழுத்து, கொட்டேஷன், டேட்டா ஷீட். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தின் வழியாக வாங்க வேண்டிய நிறுவனமாக இருந்தால், அந்தப் பொருள் அங்கே கிடைக்கவில்லை என்று காட்டும் ஜெம் அறிக்கையும் வேண்டும். அது எந்தத் தேதியில் எடுத்தது என்று பார்ப்பார்கள், அதனால் இன்டென்ட் போகும் வாரத்திலேயே எடுங்கள்.

ஆன்டிபாடி ஒரு குறிப்பிட்ட குளோன். அதற்கு மூன்று நிறுவனங்களின் கொட்டேஷன் கேட்பது பொருளற்றது, ஆனாலும் கேட்பார்கள். அதற்காகத்தான் ப்ரொப்ரைட்டரி சான்று. இரண்டு விதக் காகிதம் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தக் குளோனை நாங்கள் மட்டுமே தயாரிக்கிறோம் என்று தயாரிப்பாளர் தரும் கடிதம் ஒன்று. ஏன் இதுவே வேண்டும், மாற்று ஏன் ஆகாது என்று கைடு எழுதிக் கையெழுத்திடும் சான்று இன்னொன்று. இரண்டாவதை நீங்கள்தான் வரைந்து கொடுக்க வேண்டியிருக்கும். "தரமானது" என்று எழுதாதீர்கள், திருப்பி அனுப்புவார்கள். "முந்தைய தரவுகள் இந்தக் குளோனில் எடுக்கப்பட்டவை, ஒப்பிட வேண்டுமானால் இதே குளோன் தேவை" அல்லது "எங்கள் செல் லைனில் சோதிக்கப்பட்டதாக டேட்டா ஷீட் காட்டுவது இது" என்று எழுதுங்கள். டேட்டா ஷீட்டில் அந்த வரியை ஹைலைட் செய்து இணையுங்கள்.

2025 ஜூனில் மத்திய அரசு அறிவியல் நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது, ஜெம்முக்கு வெளியே வாங்க அனுமதிக்கும் அதிகாரமும் இயக்குநர், துணைவேந்தர் மட்டத்துக்கு வந்தது. உங்கள் நிறுவனம் இதற்குள் வருகிறதா, உள் ஆணை போட்டிருக்கிறார்களா என்று பர்ச்சேஸ் பிரிவில் நேரில் போய்க் கேளுங்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களும் தனியார் கல்லூரிகளும் அவரவர் விதியில் நடப்பவை, நண்பனின் நிறுவனத்தில் நடந்தது உங்களிடம் நடக்காது.

வரியிலும் ஒரு பொறி. பொது நிதியில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் எடுக்கப்பட்டது, 2025 செப்டம்பரில் பல பொருள்களின் விகிதமும் மாறியது. ஆக, பழைய கோப்பைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். எச்எஸ்என் எண்ணும் (வரிக்கான பொருள் வகை எண்) அன்றைய ஜிஎஸ்டி விகிதமும் கொட்டேஷனில் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று விநியோகஸ்தரிடம் சொல்லிவிடுங்கள். சரக்குக் கட்டணம், குளிர்பெட்டிக் கட்டணம் விலையோடு சேர்ந்ததா, தனியா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு விநியோகஸ்தர் எங்களுக்கு இன்வாய்ஸில் பேக்கிங் என்று தனியாக ஒரு வரி சேர்த்து அனுப்பினார், பர்ச்சேஸ் ஆர்டர் தொகையோடு பொருந்தாததால் பில் நகரவே இல்லை. கொட்டேஷன் செல்லுபடியாகும் காலம் குறைந்தது 90 நாளாவது இருக்கட்டும், கமிட்டி கூடுவதற்குள் காலாவதியானால் மறுபடி முதலிலிருந்து.

5. எப்போது ஆர்டர் போடுவது

விநியோகஸ்தரின் கையிருப்பில் இருந்தால் ஒரு வாரம், பத்து நாள். வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதென்றால் ஆர்டர் போன பிறகு நாலு முதல் எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்தியாவில் ஸ்டாக் இருக்கிறதா, எந்த லாட்" என்று ஆர்டருக்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்.

மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது. ஜனவரிக்குப் பிறகு இறக்குமதிப் பொருளுக்கு ஆர்டர் போட்டால், பொருள் வராமல் பில் போட முடியாது, பணம் திரும்பப் போகும் அபாயம் உண்டு. செப்டம்பர், அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் பார்சல் வரும்படி நேர்வதும் நல்லதல்ல, சென்னை, திருச்சி, மதுரை வெயில் உங்களுக்கே தெரியும். ஆர்டரிலேயே "திங்கள் முதல் வியாழன் வரை மட்டும் டெலிவரி" என்று ஒரு வரி சேருங்கள். வெள்ளி மாலை செக்யூரிட்டி அறையில் இறங்கும் பெட்டி திங்கள்வரை அங்கேதான் இருக்கும்.

6. பொருள் வரும்வரை சும்மா இருக்காதீர்கள்

இந்த வாரங்களில் பாஸிட்டிவ் கன்ட்ரோல் லைசேட்டை (பாஸ்போ பேண்ட் நிச்சயம் வர வேண்டிய சாம்பிளை) தயார் செய்யுங்கள். எர்க்குக்கு: ஹீலா போன்ற செல்லை இரவு முழுக்க சீரம் இல்லாமல் வைத்து, ஈஜிஎஃப் (செல்லைத் தூண்டும் வளர்ச்சிக் காரணி) 100 நானோகிராம் ஒரு மில்லிக்கு, 5 முதல் 10 நிமிடம். ஈஜிஎஃப் வாங்கப் பணமில்லையா, பட்டினி போட்ட செல்லுக்கு 20 சதவீத சீரம் பத்து நிமிடம் கொடுங்கள், அதுவே எர்க்கை எழுப்பிவிடும். நெகட்டிவுக்கு, எர்க்கை ஆக்டிவேட் செய்யும் மெக் கைனேஸின் தடுப்பான் யூ0126, 10 மைக்ரோமோலார், ஸ்டிமுலேஷனுக்கு முன்பே போட்டு வையுங்கள். ஏகேடிக்கு இன்சுலின் 100 நானோமோலார், 15 நிமிடம். எதிர்ப்பக்கம், ஏகேடியை எழுப்பும் பிஐ3கே என்சைமின் தடுப்பான்.

நேரம் முக்கியம். எர்க் சிக்னல் சில நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். 24 மணி நேரம் மருந்து கொடுத்துவிட்டு மட்டும் பார்த்தால், ஏறி இறங்கி முடிந்த கதையைத்தான் பார்ப்பீர்கள். 5, 15, 30, 60 நிமிடம் என்று ஒரு டைம் கோர்ஸ் கட்டாயம். மீடியம் மாற்றினாலே எர்க் சிலிர்க்கும் என்பதால், மருந்து இல்லாத தட்டுக்கும் அதே அளவு வெறும் கரைப்பானைச் சேர்த்து அதே நேரம் வையுங்கள்.

7. லைசேட்: இங்கேதான் எல்லாம்

ட்ரிப்சின் போட்டு செல்லைப் பிரித்து எடுத்து அப்புறம் லைஸ் செய்யாதீர்கள், அந்தப் பத்து நிமிடத்தில் சிக்னல் வேறாகிவிடும். தட்டை ஐஸ் மேல் வைத்து, மீடியத்தை உறிஞ்சி, ஐஸ் குளிர்ச்சியான பிபிஎஸ் ஒரு தடவை, உடனே லைசிஸ் பஃபர், தட்டிலேயே சுரண்டுங்கள். பஃபரும் குழாய்களும் முன்கூட்டியே ஐஸில் தயாராக இருக்க வேண்டும். தட்டுகள் நிறைய இருந்தால் இரண்டு பேர் நிற்பது நல்லது.

பாஸ்படேஸ் தடுப்பான் இல்லாத லைசிஸ் பஃபர் பாஸ்போ வேலைக்கு உதவாது. சோடியம் ஃப்ளோரைடு 10 முதல் 50 மில்லிமோலார், பீட்டா கிளிசரோபாஸ்பேட், சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார். ரெடிமேட் காக்டெய்ல் விலை அதிகம், இவற்றைத் தனித்தனியாக வாங்கினால் செலவு குறைவு, வருடக்கணக்கில் வரும். ஆனால் வனடேட்டை அப்படியே கரைத்தால் போதாது. 200 மில்லிமோலார் கரைசலை பிஎச் 10-க்குக் கொண்டுவாருங்கள், மஞ்சளாக இருக்கும். நிறம் போகும்வரை கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடி பிஎச் பாருங்கள், இறங்கியிருந்தால் ஏற்றி மறுபடி கொதிக்க வையுங்கள். நிறமில்லாமல் பிஎச் 10-ல் நின்றுவிட்டால் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள். அந்த மஞ்சள் நிறம் வனடேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கூடியிருப்பதன் அடையாளம், கூடிய வடிவம் பாஸ்படேஸைச் சரியாகத் தடுக்காது. டிடிடியும் ஈடிடிஏவும் வனடேட்டின் வேலையைக் கெடுக்கும், ஆகவே உங்கள் பஃபரில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். புரதத்தைச் சிதைக்கும் என்சைம்களைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் நிற்காது, பயன்படுத்தும் நேரத்தில் சேருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, கொதிக்கும் எஸ்டிஎஸ் (புரதங்களை விரிக்கும் டிடர்ஜென்ட்) பஃபரை நேராகத் தட்டில் ஊற்றுவது. என்சைம்கள் அந்த நொடியே செயலிழக்கும். டிஎன்ஏவால் பிசுபிசுக்கும், சோனிகேட் செய்யுங்கள் அல்லது மெல்லிய ஊசியில் இழுத்து விடுங்கள். புரதத்தை அளவிட பிராட்ஃபோர்ட் முறை ஆகாது, எஸ்டிஎஸ் கெடுக்கும். பிசிஏ முறையைப் போடுங்கள், ஆனால் பீட்டா மெர்காப்டோஎத்தனாலையும் நீல நிறத்தையும் அளந்து முடித்த பிறகே சேருங்கள்.

8. ஆன்டிபாடி வந்த நாள்

பெட்டியைத் திறந்து படம் எடுங்கள். ஜெல் பேக் எப்படி இருக்கிறது, வயலில் திரவம் இருக்கிறதா, லாட் எண் இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா. ஜெல் பேக் உருகியிருந்தாலே ஆன்டிபாடி போய்விட்டது என்று அர்த்தமில்லை, கொஞ்ச நேரச் சூட்டைப் பெரும்பாலானவை தாங்கும். ஆனால் அன்றே மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள், பிறகு வேலை செய்யாவிட்டால் மாற்றித் தரச் சொல்ல அது ஆதாரம். ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றி, பில்லை அன்றே அனுப்புங்கள்.

திறப்பதற்கு முன் வயலை ஒரு சுற்று ஸ்பின் செய்யுங்கள், மூடியில் ஒட்டியிருக்கும் 5 மைக்ரோலிட்டர் ஒரு பிளாட்டுக்கானது. 50 சதவீத கிளிசரால் இருந்தால் மைனஸ் 20-ல் உறையாது, பிரித்து வைக்கத் தேவையில்லை. கிளிசரால் இல்லாததைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் வேண்டாம், உள்ளே வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

9. முதல் பிளாட்

ஸ்டிமுலேட் செய்யாதது, செய்தது, தடுப்பானோடு செய்தது, அப்புறம் உங்கள் சாம்பிள் இரண்டு. இதற்கு மேல் முதல் பிளாட்டில் ஆசைப்படாதீர்கள். லேனுக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம்.

பிளாக் செய்ய (மெம்பிரேனில் ஆன்டிபாடி கண்டபடி ஒட்டாமல் தடுக்க) பால் பவுடர் வேண்டாம், 5 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டுச் சீரத்தின் ஆல்புமின் புரதம்). பாலில் இருக்கும் கேசீனே பாஸ்பேட் ஏந்திய புரதம், பின்னணியை ஏற்றிவிடலாம். பிபிஎஸ்ஸுக்குப் பதில் டிபிஎஸ், 0.1 சதவீதம் ட்வீன் 20. பிரைமரி 4 டிகிரியில் இரவு முழுக்க, கழுவல் மூன்று தடவை, செகண்டரி ஒரு மணி நேரம்.

லோடிங் கன்ட்ரோலில் ஒரு பொறி இருக்கிறது. எர்க் 42, 44 கிலோடால்டனில் வரும், பீட்டா ஆக்டினும் கிட்டத்தட்ட அங்கேதான் வரும். எர்க் பார்ப்பவர்கள் 37-ல் வரும் ஜிஏபிடிஎச் அல்லது மேலே தள்ளி நிற்கும் வின்குலின் எடுத்துக்கொள்ளுங்கள். எலித் திசுவில் எலி ஆன்டிபாடி போட்டால், செகண்டரி திசுவையும் பிடிப்பதால், திசுவில் உள்ள இம்யூனோகுளோபுலின் 50, 25-ல் பேண்டாக வரும், 60-ல் இருக்கும் ஏகேடியை அது குழப்பும். அங்கே முயல் ஆன்டிபாடி நல்லது.

பாஸ்போவை முதலில் பாருங்கள். அப்புறம் ஸ்ட்ரிப் செய்து (ஒட்டிய ஆன்டிபாடியைக் கழற்றி) டோட்டல். ஸ்ட்ரிப் செய்த மெம்பிரேனில் செகண்டரி மட்டும் போட்டு ஈசிஎல் ஊற்றிப் பாருங்கள், பழைய பேண்ட் தெரிந்தால் இன்னும் போகவில்லை. சந்தேகம் தீராவிட்டால் அதே லைசேட்டை இன்னொரு ஜெல்லில் ஓட்டுங்கள், முன்னதற்கும் இதற்கும் லோடிங் கன்ட்ரோலைத் தனித்தனியாகப் போடுங்கள்.

10. பேண்ட் வரவில்லை என்றால்

டோட்டல் வருகிறது, பாஸிட்டிவ் கன்ட்ரோலில் பாஸ்போ வருகிறது, உங்கள் சாம்பிளில் மட்டும் இல்லை: அது முடிவு, பிழை இல்லை. டோட்டல் வருகிறது, கன்ட்ரோலிலும் பாஸ்போ இல்லை: வனடேட்டையும் லைசிஸையும் பாருங்கள். எதுவுமே இல்லை: டிரான்ஸ்ஃபர், செகண்டரி எந்த உயிரினத்துக்கு, ஈசிஎல் காலாவதியா. இத்தனையும் பார்த்த பிறகும் கன்ட்ரோலில் வரவில்லை என்றால் விநியோகஸ்தருக்கு எழுதுங்கள். மூன்று லேன் கன்ட்ரோல் படம், டைல்யூஷன், பஃபர் விவரம், லாட் எண் எல்லாம் இணைத்தால் பெரிய நிறுவனங்கள் வேறு வயல் தரவோ மாற்றுப் பொருள் தரவோ பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கன்ட்ரோல் இல்லாத புகாரை யாரும் படிப்பதில்லை.

11. எழுதி வையுங்கள்

கேட்டலாக் எண், குளோன், லாட், டைல்யூஷன், ஆர்ஆர்ஐடி எண் (ஆய்வுப் பொருளுக்கான தனி அடையாள எண்). பல ஜர்னல்கள் ஆர்ஆர்ஐடி கேட்கின்றன, ஆன்டிபாடி ரெஜிஸ்ட்ரியில் கேட்டலாக் எண்ணைப் போட்டால் கிடைக்கும். வெட்டாத முழு பிளாட் படங்களை மார்க்கர் தெரியும்படி சேமியுங்கள், ரிவ்யூவர் கேட்கும்போது மெம்பிரேன் இருக்காது. பழைய வயலில் 15 மைக்ரோலிட்டர் மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்கு இன்டென்ட் போடுங்கள். புது லாட் வந்ததும் இரண்டையும் ஒரே லைசேட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, புதிதுக்கான டைல்யூஷனை வயல் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.